விஷ்ராந்த்வாடியில் லினக்ஸ் விற்றோம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், ஆளந்தி ரோட்டு ஹாரன் சத்தத்தில் நான் சொல்வது உங்கள் காதில் விழாது. பழைய கம்ப்யூட்டர் விற்பதும் இரண்டாங் கல்யாணத்துக்கு வரன் பார்ப்பதும் ஒரே தொழில்தான். சரக்கு தங்கமாகவே இருந்தாலும், "முதல் வீட்டில் ஏன் விட்டார்கள்?" என்றுதான் எடுத்த எடுப்பில் கேட்பார்கள். வீட்டில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஐ.டி. கம்பெனிகள் கழித்துக் கட்டுகிற லேப்டாப்புகளை மொத்தமாக வாங்கி, துடைத்து, பழுது பார்த்து விற்கிற கடை எங்களுடையது. முதலாளி விநாயக் பாவூ, அதாவது விநாயக் அண்ணன். கவுன்டரில் இருப்பது நான், என் பெயர் ஸ்டெல்லா. எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்தப் புனே கன்டோன்மென்டுக்கு வந்தது நான் பிறப்பதற்கு முன்பே. பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது. தமிழ் எழுத்து, சபையில் பாட்டுப் புத்தகம் பார்த்துப் பார்த்து வந்தது. கடையில் எல்லோரும் இந்தியும் மராத்தியும்தான் பேசுவார்கள். இங்கே அவர்களை நான் தமிழ் பேச வைத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஜன்னலோர மேஜை ஃபரீதாவுடையது. ஏரவாடாப் பெண். பக்கத்துக் கடையில் நாளெல்லாம் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தவளை, கை சுத்தம் என்று பாவூ இங்கே கூட்டி வந்தார். வந்தவள், "திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுப்பதை நிறுத்துவோம், லினக்ஸ் போடுவோம். அது இலவசம், பழைய மெஷினும் மூச்சு வாங்காது" என்றாள். பாவூ யோசித்து ஒரு கெடு வைத்தார். "தசரா வரைக்கும் பார்க்கறேன். வித்த மெஷின் திரும்பி வந்து கவுன்டர்ல நிக்கக் கூடாது. நின்னுச்சுன்னா என் மச்சினன் நிலேஷ் வந்து உன் மேஜையில உட்காருவான். பழையபடி திருட்டுக் காப்பி, பழையபடி எல்லாரும் சந்தோஷம்."

மேஜை போனால் ஃபரீதா மறுபடி கண்ணாடி ஒட்டத்தான் போக வேண்டும். அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "நிலேஷ் பாவூ வந்தா நாற்காலியை ஏத்திக்கச் சொல்லுங்க. அது என் உசரத்துக்கு வச்சிருக்கு" என்றாள்.

ஓசி ஆபீஸ்

முதலில் திரும்பி வந்தவர் ஷிண்டே. ஆகுர்டியில் கார் பாகங்கள் செய்கிற ஃபேக்டரியில் வேலை. மகள் பி.காம். சேர்ந்ததற்காக ஒரு லேப்டாப் வாங்கிப் போனவர், மறுவாரமே அதைப் பையோடு தூக்கிக்கொண்டு வந்தார். பாவூவின் கை தானாகவே போன் பக்கம் போயிற்று. "என்ன ஷிண்டே பாவூ, மெஷின் ஓடலையா?" என்று கேட்டேன். ஓடுகிறதாம். கணக்குப் போட, கடிதம் எழுத, எல்லாவற்றுக்கும் லிப்ரே ஆபீஸ் இருக்கிறதாம், மகளுக்கும் பிடித்துவிட்டதாம். "ஆனா இதுக்கு க்ராக் எங்கே?" என்றார்.

க்ராக் என்றால் பூட்டை உடைக்கிற திருட்டுச் சாவி. இதற்குப் பூட்டே கிடையாது என்று ஃபரீதா சொன்னாள். அங்கேதான் மனிதருக்குச் சந்தேகம் வலுத்தது. பூட்டில்லாத வீட்டில் எவன் குடியிருப்பான்? உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும், அவர் என்னை ஏமாந்த பெண்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

ஃபரீதா பில் புத்தகத்தை எடுத்து, "லிப்ரே ஆபீஸ், ஒன்று, விலை கிடையாது" என்று எழுதி, கடை ரப்பர் ஸ்டாம்பை ஓங்கி ஒரு குத்து குத்திக் கிழித்துக் கொடுத்தாள். ஷிண்டே அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மனசு ஆறிப் போய் லேப்டாப்பைத் தூக்கினார். வாசலில் நின்று சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க தாயி, எங்க ஃபேக்டரியில ஓசி சமோசா வந்துச்சுன்னா அன்னைக்கு ரெண்டாவது ஷிஃப்டும் நாங்கதான் பாக்கணும்னு அர்த்தம்."

கூம்பு

கோயமுத்தூரிலிருந்து வந்த ஐ.டி. குடும்பம் ஒன்று பின்தெருவில் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் புஷ்பா, மாமனார் பழைய படம் பார்க்கட்டும் என்று எங்களிடம் ஒரு மெஷின் வாங்கினாள். படம் பார்க்க வி.எல்.சி. போட்டுக் கொடுத்தோம். எந்த ஊர் வீடியோவைக் கொடுத்தாலும் மூஞ்சி சுளிக்காமல் ஓட்டுகிற நல்ல பிள்ளை அது. அதற்கு அடையாளம், திரையில் ஓர் ஆரஞ்சுக் கூம்பு.

சில நாள் கழித்து மாமனாரே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. கவுன்டரில் குடையைச் சாய்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, படம் எப்பத்தான் வருமுங்க?" என்று ரொம்பப் பணிவாகக் கேட்டார். உள்ளேயிருந்து ஃபரீதா எட்டிப் பார்த்தாள். பாவூ இருமினார். "கூம்பை ரெண்டு தடவை தட்டினீங்களா ஐயா?" என்றேன். அதை அவர் தொடவே இல்லையாம். தினமும் காலையில் மெஷினைத் திறந்து, கூம்பு இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவாராம். உள்ளே வேலை நடக்கிறது, முடிந்ததும் அவர்களே எடுத்துவிடுவார்கள் என்று காத்திருந்திருக்கிறார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைத் தட்டிக் காட்டினேன். கடையிலிருந்த மெஷினிலேயே படம் ஓடியது. அவர் அரை மணி நேரம் நின்றபடியே பார்த்தார். போகும்போது வாசலில் நின்று, மெட்ரோவுக்கோ குழாய்க்கோ தோண்டிப் போட்டிருந்த ரோட்டைக் குடையால் காட்டினார். "என் மேல என்னங்க தப்பு? இந்த ஊர்ல கூம்பு வச்ச இடத்துல நான் எப்படிங்க காலை வைக்கறது?"

திறக்காத போட்டோ

ஏரவாடாவில் ஸ்டுடியோ வைத்திருக்கிற சலீமுக்கு ஜிம்ப் போட்டுக் கொடுத்திருந்தாள் ஃபரீதா. போட்டோவில் பின்னணி மாற்ற, பருவை அழிக்க, வெட்ட, ஒட்ட எல்லாம் அதில் முடியும். ஒரு நாள் சலீம் பைக்கை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே பாய்ந்தார். ஒரு பெண்ணின் வரன் போட்டோவை அருமையாகச் சரிசெய்து பையன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அனுப்பிய பிறகு பார்த்தால், அது ஸ்டுடியோவில் யார் போனிலும் திறக்கவில்லை. "கல்யாணம் நின்னா பொண்ணோட அப்பன் என்னைக் கொன்னுடுவான். உன் லினக்ஸை எடுத்துக்கிட்டு என் பழசைக் கொடு!" என்று அவர் போட்ட சத்தத்தில், பக்கத்துக் கடைக்காரர் வந்து நின்றார். பாவூ போனில் நிலேஷின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது, நீங்களும் விழுந்திருப்பீர்கள். ஜிம்ப்பில் 'சேவ்' என்று கொடுத்தால் அது தன் வீட்டு முறையில் வைத்துக்கொள்ளும். வெளியே அனுப்ப 'எக்ஸ்போர்ட்' கொடுக்க வேண்டும். நான் சலீமுக்குச் சொன்னேன்: "பிரியாணியைப் பக்கத்து வீட்டுக்கு அண்டாவோட தூக்கிட்டா போவே? டப்பாவுல போட்டுத்தானே கொடுப்பே? அண்டா சேவ், டப்பா எக்ஸ்போர்ட்." அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஃபரீதா டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

அனுப்பப் போகிற நேரத்தில் பையன் வீட்டிலிருந்து அவருக்குப் போன் வந்தது. பேசிவிட்டு, வெளிறிப் போய் என் முன்னால் உட்கார்ந்தார். போட்டோ திறக்கவில்லை என்று சொன்னால் தங்கள் போன் மட்டம் என்று ஆகிவிடும் என்று பையன் வீட்டார் நினைத்திருக்கிறார்கள் போல. சலீம் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "பொண்ணு ரொம்ப லட்சணமா இருக்கா, எங்களுக்குச் சம்மதம்னு சொல்றாங்க ஆன்டி. இப்ப நான் திறக்கிற போட்டோவை அனுப்பவா, வேண்டாமா?"

ஞாயிற்றுக்கிழமை

எங்கள் சபையிலேயே இருக்கிற ஜெயசீலன், ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான்தான் வற்புறுத்தி அவர் தலையில் ஒரு மெஷினைக் கட்டினேன். மனிதருக்கு ஒரு கெட்ட பழக்கம். இன்டர்நெட்டில் யாரோ முகம் தெரியாதவர் 'இதை டைப் அடி' என்று எழுதியிருந்தால், என்ன ஏது என்று கேட்காமல் கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திரையில் திறந்து அப்படியே அடித்துவிடுவார். ஆபீஸில் மேலேயிருந்து வந்ததையெல்லாம் அப்படியே டைப் அடித்துப் பழகிய விரல். 'இடத்தை மிச்சம் பண்ணு' என்று எவனோ சொன்னதை அடித்து, படம், மெனு, மவுஸ் அம்பு எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"யக்கா, செத்துப்போச்சு" என்று துக்க வீட்டுக்கு வந்த மாதிரி கொண்டு வந்து வைத்தார். நான் விற்ற மெஷினாலேயே அந்தப் பெண்ணின் மேஜை போகப் போகிறதே! பாவூ போனில் நிலேஷிடம், "தசரா அன்னைக்கு வா, கையில டூல்ஸோட வா" என்றே சொல்லிவிட்டார்.

ஃபரீதா மட்டும் அசரவில்லை. ஒவ்வொரு மெஷினிலும் டைம்ஷிஃப்ட் என்று ஒன்றை அவள் முன்கூட்டியே போட்டுத்தான் அனுப்புவாள். மெஷின் நன்றாக இருக்கிற நாளில் அது ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். நாம் கெடுத்துக் குட்டிச்சுவராக்கினால், அந்த நாளுக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடும். உங்கள் லினக்ஸில் இது இல்லையென்றால் இன்றைக்கே போட்டுவிடுங்கள், சாப்பாடு அப்புறம். கொஞ்ச நேரத்தில் திரையில் படம், மெனு, அம்பு எல்லாம் வந்து வரிசையாக உட்கார்ந்தன. "ஞாயிற்றுக்கிழமை காலையில எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கிட்டேன் அங்கிள்" என்றாள்.

ஜெயசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு என் காதருகே வந்து சொன்னார்: "யக்கா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் குழம்பைப் பத்தி என் வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டேன், அதையும் இந்தப் புள்ள சேத்து எடுத்துருமான்னு கேளுங்களேன்."

தொடக் கூடாத நாள்

தசராவுக்கு முந்தின நாள் இங்கே கண்டே நவமி. நம் பக்கத்து ஆயுத பூஜைதான். கடையிலுள்ள ஸ்க்ரூ டிரைவரிலிருந்து லேப்டாப் வரை எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, சாமந்தி மாலை போடுவார் பாவூ. நடுவில் ஒரு லேப்டாப்பின் திரையில் கணபதி படம். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை யாரும் எதையும் தொடக் கூடாது. தொட்டால் அந்த வருஷ வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர் அப்பா காலத்து நம்பிக்கை.

அன்றைக்குப் பார்த்துத்தான் முதியோர் சங்கத்திலிருந்து குல்கர்ணி காகா, நம் ஊரில் சித்தப்பா என்போமே அப்படி, இரண்டு பேரோடு வந்தார். சங்கத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் கிழடு, எல்லாவற்றையும் எங்களிடம் மாற்றுவதாகப் பேச்சு. "ஓட்டிக் காட்டுங்க, பார்த்துட்டுப் போறோம்" என்றார். "இன்னைக்குத் தொட மாட்டோம்" என்றார் பாவூ. புனே ஆட்களை மறுபடி வரச் சொன்னால் வர மாட்டார்கள். காகா செருப்பை மாட்டத் திரும்பிவிட்டார்.

அப்போது மாலை போட்டிருந்த லேப்டாப்பில் அம்பு தானாக நகர்ந்தது. கணபதி ஒதுங்கி, ஒரு மராத்திப் பத்திரிகை விரிந்தது. அது மூடி, அபங்கம் என்கிற மராத்திப் பக்திப் பாட்டு ஒலித்தது. மூலையில் ஃபரீதா கையைக் கட்டிக்கொண்டு, கட்டிய கைக்குள் போனைத் தடவிக்கொண்டு நின்றாள். கே.டி.இ. கனெக்ட் என்று ஒன்று. போனையும் கம்ப்யூட்டரையும் ஒரே வை-ஃபையில் சேர்த்துவிட்டால் போனே மவுஸாகிவிடும். காகாவோடு வந்த ஒரு பெரியவர் அது தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காகா சிரித்துவிட்டார். பூஜை முடிந்து சாயங்காலம் ஒரு மெஷினை வீட்டுக்கு எடுத்துப் போய் ஓட்டிப் பார்ப்பதாகவும், பிடித்தால் சங்கம் முழுக்க மாற்றுவதாகவும் முடிவாயிற்று.

அவர்கள் போனதும் பாவூ முறைத்தார். "போனும் ஒரு ஆயுதம்தானே? இன்னைக்கு அதை எப்படித் தொட்டே?" ஃபரீதா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அப்படின்னா அதுக்கும் மாலை போட்டிருக்கணுமே பாவூ, நீங்கதான் காலையிலேர்ந்து உங்க போனைக் காதுலேர்ந்தே எடுக்கலையே!"

குல்கர்ணி காகாவின் பழக்கம்

தசரா அன்று காலையிலேயே நிலேஷ் வந்துவிட்டான். மடியில் புது டூல்ஸ் பெட்டி. நல்ல பையன்தான். ஃபரீதாவின் நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மதியம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் காகா வந்தார். இங்கே தசராவுக்கு ஆப்டா இலையைத் தங்கம் என்று சொல்லிக் கையில் கொடுப்பார்கள். ஒரு கையால் எனக்குத் தங்கம் கொடுத்துவிட்டு, மறு கையால் லேப்டாப்பைக் கவுன்டரில் வைத்தார். "இது வேண்டாம்."

பாவூ பெருமூச்சு விட்டார். சங்கத்து வியாபாரமே போயிற்று. நிலேஷ் பெட்டியைத் திறந்தான். ஃபரீதா எழுந்து வந்தாள். அவள் குரல் லேசாக நடுங்கியதை அன்றுதான் கேட்டேன். "என்ன குறை காகா?"

"குறை ஒண்ணும் இல்ல பேட்டா. வேகமா இருக்கு, சுத்தமா இருக்கு. ஆனா ரிஃப்ரெஷ் இல்ல."

உங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பழக்கம் உண்டோ, மனசாட்சியைத் தொட்டுப் பாருங்கள். விண்டோஸைத் திறந்ததும் வெறும் திரையில் வலது பட்டனை அழுத்தி, வருகிற மெனுவில் ரிஃப்ரெஷ் என்பதைத் தட்டு தட்டென்று தட்டுவோம். சாப்பிட உட்காருமுன் இலையில் தண்ணீர் தெளிக்கிற மாதிரி. லினக்ஸில் மெனு வருகிறது, அந்த வார்த்தை இல்லை. காகாவுக்கு ராத்திரி தூக்கமே வரவில்லையாம்.

"அது மெஷினை வேகமாக்காது காகா. அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றாள் ஃபரீதா.

"எனக்குத் தெரியாதா? வேலையில இருந்த காலமெல்லாம் நான் ஃபைல்ல கையெழுத்துப் போட்டேன். அதனாலயும் ஒரு பிரயோஜனமும் இல்ல. ஆனா அது இல்லாம எந்த ஃபைலும் நகரல." காகா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணிக்கு நான் படுக்கணும். சீக்கிரம் முடிவு சொல்லுங்க."

ஃபரீதா அவரையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரெண்டு மூணு வரி எழுதியிருப்பாள், அவ்வளவுதான். லினக்ஸில் அந்த மெனுவில் நமக்கு வேண்டியதை நாமே சேர்த்துக்கொள்ளலாமாம். திருப்பி அவர் முன் வைத்தாள். காகா வலது பட்டனை அழுத்தினார். மெனுவில் எல்லாவற்றுக்கும் மேலே 'ரிஃப்ரெஷ்'. தட்டினார். திரை ஒரு தடவை கண் சிமிட்டியது. மறுபடி தட்டினார், மறுபடி சிமிட்டியது. "சிமிட்டறதைத் தவிர ஒண்ணும் செய்யாது காகா, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. தட்டத் தட்ட அவர் தோள் இறங்கியது, முகம் தெளிந்தது. நாங்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் கவுன்டர் முன்னிருந்த நாற்காலியில் உட்கார்ந்து சாய்ந்து, "ஆஹா, இப்பப் பாருங்க, எவ்வளவு லேசாயிடுச்சு! சங்கத்து மெஷின் எல்லாத்துலயும் இதைப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

நிலேஷ் பெட்டியை மூடினான். எல்லோருக்கும் டீ வந்தது. பாவூ டீயைக் குடித்து முடித்தார். அப்புறம் தன் சொந்த லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜன்னலோர மேஜைக்குப் போய், தொண்டையைச் செருமினார்: "மேஜை உன்னோடதுதான், அதைப் பத்தி இனிமே பேச்சில்ல. இதுலயும் அதைப் போட்டுக் கொடு, நானும் சொல்லாம தவிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

புதிதாக லினக்ஸுக்கு வருகிறவர்களுக்கு ரொம்ப உபயோகமான புரோகிராம் எது என்று யார் கேட்டாலும், ஒன்றுமே செய்யாத அந்த ரிஃப்ரெஷைத்தான் நான் சொல்வேன், ஏனென்றால் மறுநாள் காலையில் கடை திறந்ததும் ஃபரீதா, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தன் மெஷினில் முதல் வேலையாக அதைத்தான் தட்டு தட்டென்று தட்டினாள்.